மாசி, பங்குனியில் பறக்க வாருங்கள்

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 53. 1996இல் ஒரு பறக்கும் கழகத்தில் புஷ்பக் விமானத்தில் 28 மணி நேரம் பறந்தேன், பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் சோலோவும் முடித்தேன். அப்பா திடீரென்று காலமானதால் கடைக்கு வந்துவிட்டேன். இப்போது மகள் வேலைக்குப் போய்விட்டாள். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக மட்டும் மறுபடி பறக்க விரும்புகிறேன். ஏழரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒரு பள்ளியில் மணிக்கு 11,500 ரூபாய், ஆனால் 50 மணி நேரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இன்னொன்றில் மணிக்கு 14,500. மூன்றாவது இடம் மைக்ரோலைட் என்கிற எடை குறைந்த சிறு விமானம், எல்லாவற்றையும்விட மலிவு. கடையை விட்டுவிட்டு மாதம் இரண்டு நாள் போய்வரலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் முடியுமா? எதில் சேரலாம்? மனைவிக்குப் பயமாக இருக்கிறது. என் ஊருக்கு மேலே ஒருமுறை பறந்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

அன்புள்ள பாபநாசம் வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாதியில் விட்டவர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் வருத்தம்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் கணக்கு இருக்கிறது. அதனால் நானும் கணக்கோடு பதில் எழுதுகிறேன்.

முதலில் வயது. தனியார் விமானி உரிமத்துக்குக் கீழ் வரம்பு 17 வயது. மேல் வரம்பாக இருப்பது உங்கள் உடல்தான். ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1982இல், அதே வழியில் ஒரு சிறிய லெப்பர்ட் மாத் விமானத்தை மறுபடி ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 78. இடையில் அவர் பறப்பதை அடியோடு விட்டவர் அல்ல, நீங்கள் விட்டவர். ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது வயதைப் பற்றி அல்ல, அந்த இடைவெளியைப் பற்றி.

எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து மாத்திரை சாப்பிட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாரும் தகுதி இழப்பதில்லை. மறைத்து, பிறகு தெரியவந்தால்தான் சிக்கல். பணத்தைக் கட்டிவிட்டு மருத்துவரிடம் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவர்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

பழைய 28 மணி நேரம் உரிமத்துக்குக் கணக்கில் வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். குறைந்தபட்சம் 40 மணி நேரத்தைப் புதிதாகப் பறக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த 28 மணி நேரம் வீண் போகவில்லை. புஷ்பக் வால்சக்கர விமானம். தரையில் ஓடும்போது கால் தூங்கினால் விமானம் தானாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். அதில் சோலோ போனவருக்குத் திசை திருப்பும் ரடர் மிதியில் கால் எப்போதும் விழித்திருக்கும். இன்று மூக்குச்சக்கர செஸ்னாவில் நேரடியாகக் கற்கிற இளைஞர்களிடம் அந்த விழிப்பை நான் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கிறது.

திரும்பி வருகிறவர்களிடம் கை முதலில் திரும்புகிறது, நடைமுறை கடைசியில்தான் திரும்புகிறது. இருபது ஆண்டு கழித்து வந்த ஒருவரோடு செஸ்னா 152இல் பயிற்றுநராகப் பறந்தேன். வங்கி மேலாளர், வயது 49. ஏறியது அழகு, திருப்பம் அழகு, உயரம் ஐம்பது அடிகூடப் பிசகவில்லை. எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. தரையிறங்குவதற்காக, ஓடுபாதைக்குக் குறுக்கே பறக்கும் பேஸ் லெக்கில் திரும்பி என்ஜின் வேகத்தைக் குறைத்தார். முந்தின இரவு மழை பெய்திருந்தது, காற்றில் ஈரம் கனத்திருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி கட்டாமல் சூடேற்றும் குமிழை அவர் இழுக்கவில்லை. ஒரு நிமிடத்தில் என்ஜின் சத்தம் கரகரத்தது. அவர் பார்வை ஓடுபாதையிலேயே இருந்தது, காதில் எதுவும் விழவில்லை. நான் கையை நீட்டிக் குமிழை இழுத்தேன். என்ஜின் ஒருமுறை இருமியது, உருகிய பனி உள்ளே போனது, பிறகு சீரானது. கீழே இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "எனக்கு இது தெரியும் சார்." ஆமாம், தெரியும். தெரிந்தது கைக்கு வரவில்லை. நம் வெயில் நாட்டில் கார்புரேட்டருக்குள் பனி கட்டும் என்பதை நம்பாமலே பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரக்காற்றில், வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் அது கட்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். உங்களிடம் நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்: மணிக்கு எவ்வளவு என்பது உங்கள் செலவைத் தீர்மானிக்காது. எத்தனை நாளில் முடிக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

மாதம் இரண்டு நாள் என்கிறீர்கள். ஒருமுறை போனால் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் பறப்பீர்கள். அடுத்த மாதம் வரும்போது முதல் முக்கால் மணி நேரம் போன மாதம் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடும். அதிலும் ஒரு மாதம் மழை, ஒரு மாதம் விமானம் பழுது பார்க்கப் போயிருக்கும், ஒரு மாதம் உங்கள் கடைக்கு யூரியா லாரி வந்து நிற்கும். இப்படிப் போனால் 40 மணி நேரத்தில் முடியாது, 65 ஆகும். 11,500 ரூபாய் வீதம் 65 மணி நேரத்துக்கு 7,47,500 ரூபாய். நீங்கள் ஒதுக்கியிருக்கிற ஏழரை லட்சம் அதோடு சரி. ரயிலும் விடுதியும் மருத்துவச் சான்றும் தேர்வுக் கட்டணமும் அதற்கு மேல்.

தொடர்ச்சியாகத் தங்கி, வாரம் நான்கைந்து நாள் பறந்தால் 48 மணி நேரத்தில் முடிக்கலாம். 14,500 வீதம் அதற்கு 6,96,000 ரூபாய். விலை கூடிய பள்ளிதான் மொத்தத்தில் மலிவாக முடிகிறது. இது உங்களுக்கு நான் போட்ட கணக்கு. 48 என்பதும் 65 என்பதும் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது. மலிவான பள்ளியிலும் தொடர்ச்சியாகப் பறக்க முடிந்தால் அதுவே நல்லது. அங்கே முடியுமா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அலுவலக அறையில் விளம்பர அட்டையோடு உட்காராதீர்கள். ஒரு வேலைநாள் காலை ஏழு மணிக்குப் போய், விமானங்களை நிறுத்தும் கொட்டகையான ஹேங்கர் வாசலில் நில்லுங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். ஐந்து விமானம் வைத்திருக்கிற பள்ளியில் மூன்று உதிரிபாகத்துக்காகக் காத்து மூடிக் கிடக்கலாம். மாணவர்களிடம் பேசுங்கள். கடைசியாக எப்போது பறந்தாய் என்று நான்கு பேரைக் கேட்டால் அந்தப் பள்ளியின் ஜாதகமே தெரிந்துவிடும். பயணிகள் விமானம் ஓட்டும் வேலைக்காக 200 மணி நேரம் பறக்க வந்திருக்கும் பையன்கள்தான் பெரும்பாலான பள்ளிகளின் வருமானம். ஆசைக்காக 40 மணி நேரம் பறக்க வருகிறவரை அட்டவணையின் கடைசியில் தள்ளிவிடுகிற பள்ளிகள் உண்டு. தனியார் உரிமம் மட்டும் பெறுவதற்கு வந்தவர்கள் கடந்த ஆண்டு எத்தனை பேர், எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். பயிற்சிப் பள்ளிகளை டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதையும் பாருங்கள், ஆனால் ஹேங்கர் வாசலில் நிற்பதற்கு அது மாற்று ஆகாது.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. மணிக்கணக்கு எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரும்போது தொடங்கி, திரும்ப வந்து நிற்கும்போது முடியும். பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் என்ஜின் ஓட, ஓடுபாதை ஓரத்தில் காத்து நிற்பீர்கள். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம் அப்படிப் போனால் 14,500 வீதத்தில் 2,900 ரூபாய். நாற்பது தடவை பறந்தால் 1,16,000 ரூபாய். எதுவும் கற்காமல் கட்டுகிற பணம் அது. போக்குவரத்துக் குறைந்த நிலையம் என்றால் அதே விலையில் அதிக வானம் கிடைக்கும். எரிபொருள் கூடுதல் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், பயிற்றுநர் கட்டணம் எல்லாம் அந்த 14,500க்குள் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மொத்தமாகக் கட்டாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாணவர்களிடம் மொத்தப் பணத்தையும் வாங்கிய பிறகு, இன்ஜினியர்கள் சம்பளம் இல்லாமல் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். விமானங்கள் நின்றன. மாணவர்கள் விடுதி வராந்தாவில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், நிலத்தை அடகு வைத்துக் கட்டியவன், தினமும் காலையில் சீருடையோடு வந்து கரும்பலகையில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவான். அவனுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற காலைகளை இன்னும் மறக்கவில்லை. பத்து மணி நேரத்துக்குப் பணம் கட்டுங்கள், பறந்து முடித்ததும் அடுத்த பத்துக்குக் கட்டுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத பள்ளி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மைக்ரோலைட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எடை குறைவு, செலவு குறைவு, காற்றின் அசைவு ஒவ்வொன்றும் உடம்பில் தெரியும். ஆசைக்குப் பறப்பவருக்கு அது அருமையான விமானம். ஆனால் நீங்கள் விசாரித்த இடம் பயிற்சி தருகிறதா, சுற்றிக்காட்டி இறக்கிவிடுகிறதா என்று பாருங்கள். அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் டிஜிசிஏ உரிமமா, சுவரில் மாட்டும் தாளா என்று கேளுங்கள். விமானத்தில் 'விடி' என்று தொடங்கும் பதிவெழுத்து இருக்க வேண்டும். எந்தப் பெட்ரோல் ஊற்றுகிறீர்கள் என்றும் கேளுங்கள். இவ்வகை விமானங்களில் அதிகம் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 என்ஜின் கார் பெட்ரோலில் ஓடும் என்பது உண்மை. ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் தயாரிப்பாளரின் அனுமதி. நம் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

அமெரிக்காவில் உறவினர் வீட்டில் தங்கிக் கற்கலாமே என்று பலர் எழுதுகிறார்கள். அங்கும் தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரம் வேண்டும், வெளிநாட்டவர் பயிற்சிக்குத் தனியாகப் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும், திரும்பி வந்து உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றும் வேலையும் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை.

எப்போது போவது? இதில் உங்கள் தொழிலும் வானமும் ஒத்துப்போகின்றன. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உங்கள் கடையில் கூட்டம். பிறகு சம்பா, தாளடி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் செஸ்னா என்ன செய்யும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் குறுக்குக்காற்றுப் பயிற்சி கிடைக்கும், ஆனால் புதிதாகத் தரையிறங்கக் கற்பவருக்கு அது காலம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தை அறுவடை முடிந்து, கடையில் உளுந்து விதை மட்டும் விற்கும் மாசி, பங்குனிதான் உங்களுக்குக் காலம். காலையில் வானம் தெளிவாக இருக்கும், பத்து மணிக்குப் பிறகு சூடு ஏறித் தூக்கிப்போடும் முன் இரண்டு தடவை பறந்துவிடலாம். அந்த இரண்டு மாதத்துக்குக் கடையை நம்பிக்கையானவரிடம் விடுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து போக அருகில் இருப்பது சேலம் காமலாபுரம் விமான நிலையம். பயிற்சிப் பள்ளிகளுக்கென்று விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய நிலையங்களில் அதுவும் ஒன்று. மைசூரையும் பாருங்கள். மயிலாடுதுறை வழியாக வரும் மைசூர் எக்ஸ்பிரஸில் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மாலையில் ஏறினால் காலையில் அங்கே இருப்பீர்கள்.

அதுவரை இருக்கிற மாதங்களில் அதிகச் செலவில்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. டிஜிசிஏ கணினி எண் வாங்கி எழுத்துத் தேர்வுகளை முடித்துவிடுங்கள். விதிமுறை, வழிசெலுத்தல், வானிலை, விமானத் தொழில்நுட்பம் என்று நீங்கள் 1996இல் படித்தவைதான், ஆனால் தேர்வு இப்போது கணினியில். உரிமமே இப்போது மின்னணு வடிவில் வருகிறது, 2025 பிப்ரவரியில் தொடங்கினார்கள். வானொலி உரிமத்துக்கு உரக்கப் பேசிப் பழகுங்கள். மூன்றை 'ட்ரீ' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல நாக்கு பழக வேண்டும். கடையில் ரசீது எண்களை அப்படிப் படித்துப் பாருங்கள். செஸ்னாவின் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழையும் தொட்டுத் தொட்டுப் புறப்பாடு முதல் தரையிறங்கும் வரை சொல்லுங்கள். அந்த வங்கி மேலாளருக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் அதுதான். அடுத்த வாரம் என்ஜின் இருமவில்லை.

மனைவியின் பயத்தைப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பயணிகள் விமானம் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கணக்கைச் சொல்லி அவரைத் தேற்றுவது நியாயமே இல்லை, இது அந்த விமானம் அல்ல. ஒரே என்ஜின், ஒரே விமானி. பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து எண்ணெய் அளவு பார்த்து, பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதை அவர் அருகில் நின்று பார்க்கட்டும். "என்ஜின் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று பயிற்றுநரிடம் அவரே கேட்கட்டும். அந்தக் கேள்வியைப் பொறுமையாக எதிர்கொள்ளாத பயிற்றுநரிடம் நீங்களும் கற்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் ஊருக்கு மேலே பறக்கும் ஆசை. இதில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பாபநாசத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போலத் தொலைவில் தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் அங்கே சுகோய் போர் விமானப் படைப்பிரிவு இயங்குகிறது. நினைத்தபோது போய்ச் சுற்ற முடியாது. பறப்புத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்கி, அவர்கள் சொல்லும் வழியில், சொல்லும் உயரத்தில்தான் போக வேண்டும். சில நாள் மறுத்துவிடுவார்கள். உரிமம் வாங்கிய முதல் ஆண்டில் அதற்கு முயலாதீர்கள்.

அப்படியே அனுமதி கிடைத்தாலும் கார்த்திகையில் போகாதீர்கள். நான் ஒருமுறை திருச்சியிலிருந்து கிழக்கே கல்லணைக்கு மேலே போயிருக்கிறேன். சம்பா தலையெடுத்திருந்த நேரம். காவிரியும் வெண்ணாறும் பிரிந்து போக, கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அதைப்போல ஒரு காட்சியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆனால் என் கண் வேறொன்றைத் தேடிக்கொண்டே இருந்தது. மூவாயிரம் அடியில் என்ஜின் நின்றால் செஸ்னா எட்டு கிலோமீட்டர் போல மிதந்து போகும். அந்த எட்டு கிலோமீட்டருக்குள் எங்கே இறங்குவது? தண்ணீர் நிற்கும் வயலில் இறங்கினால் மூக்குச்சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். சாலையின் இருபுறமும் மரம், பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி மேலிருந்து கண்ணுக்கே தெரியாது. எனக்கு நம்பிக்கை தந்தது கொள்ளிட மணல் மட்டும்தான். அந்தப் பயணம் முழுக்கக் கொள்ளிடத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேதான் பறந்தேன். பங்குனியில் வயல் காய்ந்து கிடக்கும், வரப்போடு நீளவாக்கில் இறங்க இடம் கிடைக்கும். வடுவூர் ஏரிப் பக்கமும் கோடியக்கரைப் பக்கமும் வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களில் தாழ்வாகப் போகாதீர்கள்.

மருத்துவச் சான்று கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஹேங்கர் வாசலில் கேட்ட பதில்களையும் சேர்த்து அனுப்பினால் எந்தப் பள்ளி என்று பெயர் சொல்லியே பதில் எழுதுகிறேன். 1996 லாக்புக் இன்னும் பத்திரமாக இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். உங்கள் சோலோ பதிவுக்கு எதிரே பயிற்றுநர் என்ன குறிப்பு எழுதினார் என்று தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்ல எனக்கு எளிதாக இருக்கும்.